பட்டாளத்துப் பல்

"பல் போனால் சொல் போச்சு" என்று நம் பெரியோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கும் என் போன்றவனுக்கு அது வெறும் வேடிக்கைப் பேச்சல்ல. எழுத்துக்கள் வாயில் எங்கெங்கே பிறக்கின்றன என்று தொல்காப்பியர் பிறப்பியலில் விவரமாகக் கணக்கெழுதியிருக்கிறார். நாவின் நுனி பரந்து மேற்பல்லின் அடியைத் தொடும்போது தகரமும் நகரமும் பிறக்கின்றன. மேற்பல்லும் கீழுதடும் சேரும்போது வகரம் பிறக்கிறது. ஆகவே மேல்வரிசைப் பற்கள் விழுந்துவிட்ட மனிதரிடம் இந்த மூன்று எழுத்துக்களும் சண்டித்தனம் செய்கின்றன. இவை மூன்றும் இல்லாமல் தமிழில் நாலு வாக்கியம் பேசிப் பாருங்கள், அவர் படும் பாடு விளங்கும்.

உசிலம்பட்டிக்கு மேற்கே, எழுமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார். சொந்தத்தில் சற்றுத் தூரம், பிரியத்தில் நெருக்கம். ஊரில் எல்லோருக்கும் அவர் "ஹவில்தார்" தான். 1972-ஆம் வருஷம் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, 1994-ஆம் வருஷம் பென்ஷனோடு வெளியே வந்தவர். காஷ்மீரத்துப் பனியையும் பார்த்திருக்கிறார், 1987-க்குப் பிறகு யாழ்ப்பாணத்து மணலையும் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு சுதந்திர தினத்தன்றும் எங்கள் பள்ளிக்கூடத்திற்கு வந்து கொடிக் கம்பத்தின் அருகே விறைப்பாக நின்று, பிள்ளைகளுக்கு அணிவகுப்புக் கட்டளை கொடுப்பார். அந்தக் குரலுக்குக் கட்டுப்படாத போக்கிரிப் பையன் அந்த வட்டாரத்தில் பிறக்கவில்லை. கடைசியில், "வந்தே" என்று அவர் தொடங்க, "மாதரம்" என்று முந்நூறு பிள்ளைகள் முழங்குவார்கள்.

சென்ற வருஷம் அழைக்கப் போனபோது, "நான் வரலை மாப்ளே" என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டேன். மேல்துண்டால் வாயை மறைத்துக்கொண்டு, "புள்ளைக சிரிக்கும்" என்றார். அவர் வாயில் மேலே ஒரு பல்கூட இல்லை, கீழே மூன்று. "வந்தே" என்பதில் வகரமும் போயிற்று, தகரமும் போயிற்று. நிலக்கடலையை விட்டு நாலு வருஷம் ஆயிற்றாம். கறிக்குழம்பில் ரசத்தை மட்டும் ஊற்றிக்கொண்டு துண்டைப் பேரனுக்குத் தள்ளிவிடுகிறார். கஞ்சியும் களியும் கரைத்த சோறுமாகக் காலம் போகிறது. ஏற்கெனவே சர்க்கரை வியாதி இருக்கும் மனிதர் இப்படிச் சோற்றையே கரைத்துக் குடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல நான் டாக்டராக வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட மாமாக்கள் அநேகம் பேர். அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று வெள்ளைக்கார சர்க்கார் ஒன்று போட்டு, பிறமலைக் கள்ளர்கள் அத்தனை பேரையும் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று எழுதி வைத்தது. எங்கள் பாட்டன்மார் அதை "ரேகைச் சட்டம்" என்பார்கள். போலீஸ் டாணாவில் விரல் ரேகை வைக்க வேண்டும், சொன்ன நேரத்துக்குப் போய் முகத்தைக் காட்ட வேண்டும். அதை எதிர்த்து நின்றதற்காக 1920-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-இல். அப்படிச் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்ட குடும்பங்களிலிருந்து, தேசத்தின் எல்லையைக் காவல் காக்கப் பையன்கள் புறப்பட்டுப் போனார்கள். சாவடியில் நேதாஜியின் படத்தைப் பார்த்தே வளர்ந்த பையன்கள். வானம் பார்த்த பூமியில் பட்டாளத்துச் சம்பளம் பெரிய ஆதரவு என்பதும் உண்மைதான். அதைச் சொல்வதில் வெட்கம் என்ன?

பட்டாளத்தில் ஆள் எடுக்கும்போது மார்பை அளப்பார்கள், ஓடச் சொல்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பல்லையும் எண்ணுவார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அதற்குப் புள்ளிக் கணக்கு உண்டு. எதிர்ப்பல்லோடு சரியாகப் பொருந்தும் முன்பற்களுக்கும், அவற்றை அடுத்த சிறு கடைவாய்ப் பற்களுக்கும் ஒவ்வொரு புள்ளி. பெரிய கடைவாய்ப் பற்களுக்கு இரண்டிரண்டு. முழு வாய்க்கு 22 புள்ளி. 14-க்குக் குறைந்தால் வீட்டுக்குப் போகலாம். ஹவில்தார் மாமாவுக்கு அன்று 22-ம் இருந்ததாம். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொடுத்த 22 என்று இன்றும் பெருமை அடித்துக்கொள்வார். இப்படிப் பொறுக்கி எடுத்துச் சேர்த்துக்கொண்ட பல், மனிதன் திரும்பி வரும்போது எந்த நிலையில் இருக்கிறது, அதற்கு மேல் என்ன ஆகிறது என்று கிராமம் வரை வந்து எண்ணிப் பார்ப்பவர் இல்லை.

படைக்கும் பல்லுக்கும் உள்ள உறவை அரசாங்கங்கள் தெரிந்துகொண்டதே ஒரு தமாஷான கதை. 1914-ஆம் வருஷம் ஐரோப்பிய யுத்தம் தொடங்கியபோது, பிரான்சுக்குச் சென்ற பிரிட்டிஷ் சேனையோடு ஒரு பல் வைத்தியர்கூடப் போகவில்லை. அக்டோபரில், ஏன் நதிக்கரைப் போரின் நடுவே, தளபதி ஹெய்க்குக்குப் பொறுக்க முடியாத பல்வலி கண்டது. சிப்பாய்க்கு வந்திருந்தால் கிராம்பைக் கடித்துக்கொள் என்று சொல்லியிருப்பார்கள். வந்தது தளபதிக்கு! பாரிஸிலிருந்து அவசரமாக ஒரு பிரெஞ்சு பல் வைத்தியரை வரவழைத்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் சேனைக்கு 20 பல் வைத்தியர்கள் வந்து சேர்ந்தார்கள். பிரிட்டனில் 1921-இல் பல் வைத்தியத்துக்கென்றே தனிப் படைப்பிரிவு உண்டாயிற்று. இந்தியச் சேனையில் அது 1941-ஆம் வருஷம் பிப்ரவரி முதல் தேதி பிறந்தது. ஆகவே சேவையில் இருக்கும் வரையில் நம் சிப்பாயின் பல்லுக்கு ஆள் உண்டு. மாமாவும் ஒரு கடைவாய்ப் பல்லைச் சேவையில் இருந்தபோதே அடைத்துக்கொண்டிருக்கிறார். அந்த வேலைப்பாட்டை இன்றைக்கும் புகழ்வார். பல் விழுந்த பிறகும் அடைப்பு விழவில்லையாம்.

தொல்லை எல்லாம் ஊர் திரும்பிய பிறகுதான். 1994-இல் மதுரைப் பக்கத்துப் பென்ஷன்காரர் இராணுவ ஆஸ்பத்திரி என்று நினைத்தால் சென்னைக்கோ, வெல்லிங்டனுக்கோ, திருவனந்தபுரத்துக்கோ ரயில் ஏற வேண்டும். பல்வலிக்காக யார் அவ்வளவு தூரம் போவார்கள்? வலிக்கிற பக்கம் ஒரு துண்டுப் புகையிலையை அடக்கிக்கொண்டால் மரத்துப் போகிறது. நாளடைவில் வலி போய்விடும், புகையிலை நின்றுவிடும். இப்படியே ஈறு கெட்டு ஒவ்வொரு பல்லாக ஆடத் தொடங்கியது. சர்க்கரை வியாதியும் சேர்ந்துகொண்டது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. இரண்டும் கைகோத்துக்கொண்டு நடக்கும் வியாதிகள்.

நடுவில் ஒரு "பல் கட்டுபவர்" வந்தார். பெட்டியும் கையுமாக ஊர் ஊராய்ச் சுற்றும் ஆசாமி. எந்தப் பட்டமும் இல்லாதவர். திண்ணையில் உட்கார்த்தி வைத்து, பசை போன்ற ஏதோ ஒன்றைக் குழைத்து, மிச்சமிருந்த நல்ல பற்களோடு சேர்த்து நாலு பொய்ப்பல்லை அரை மணியில் ஒட்டிக் கொடுத்துவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் எடுத்துக் கழுவ வழியில்லாத அந்த ஒட்டுக்குக் கீழே சோறு தங்கி, ஈறு அழுகி, ஒரு வருஷத்துக்குள் தாங்கி நின்ற நல்ல பற்களும் பொய்ப்பற்களோடு சேர்ந்து விழுந்தன. பதிவு பெறாதவர் பல் வைத்தியம் செய்யக் கூடாது என்று 1948-ஆம் வருஷமே பல் வைத்தியர் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்த ஆசாமியிடம் ஒரு பெரிய குணம் இருந்தது. அவர் திண்ணைக்கே வந்தார். பட்டம் பெற்றவர் யாரும் வரவில்லை.

இனி, இருக்கிற வசதியைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். 2003-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி, மத்திய சர்க்கார் முன்னாள் படைவீரர்களுக்கென்று ஒரு பங்களிப்பு வைத்தியத் திட்டத்தை ஆரம்பித்தது. பட்டாளத்துக்காரர்கள் அதை "இ.சி.எச்.எஸ்." என்று சுருக்கிச் சொல்வார்கள். ஒரே ஒரு தடவை பணம் கட்டினால் ஆயுள் முழுவதும் கணவனுக்கும் மனைவிக்கும் வைத்தியம். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களும், போரில் கணவனை இழந்தவர்களும் அதையும் கட்ட வேண்டியதில்லை. இதற்காகப் பல ஊர்களில் பாலிகிளினிக்குகள் திறந்தார்கள். மதுரையிலும் ஒன்று உண்டு. பல்லுக்கும் அங்கே டாக்டர் உண்டு. அவரே செய்யலாம், அல்லது அங்கீகாரம் பெற்ற வெளி வைத்தியசாலைக்குச் சீட்டுக் கொடுக்கலாம்.

இதை அற்பமாக எண்ணிவிடக் கூடாது. செல்வத்தில் உலகத்துக்கே முதலாவதான அமெரிக்க தேசத்தில், முன்னாள் வீரர்களுக்கான வைத்திய இலாகா இருதயத்தைப் பார்க்கிறது, நுரையீரலைப் பார்க்கிறது. பல் என்றால், முழு ஊனமுற்றவர்கள், எதிரியிடம் சிறைப்பட்டிருந்தவர்கள் முதலிய சில வகையினருக்குத்தான் முழு வைத்தியம். மற்றவர்கள் பெரும்பாலும் தம் பணத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பல்லையும் உடம்பின் ஓர் உறுப்பாக மதித்த விஷயத்தில் நம் திட்டம் ஒரு படி மேல் என்றே சொல்லுவேன்.

ஆனால் அந்த வாசலுக்குள் எல்லோரும் நுழைய முடியாது. சாதாரணச் சிப்பாய்க்கு 15 வருஷ சேவை இருந்தால்தான் பென்ஷன்; ஏதோ காரணத்தால் 8 வருஷத்தில், 10 வருஷத்தில் வீடு திரும்பியவருக்குப் பென்ஷனும் இல்லை, பெரும்பாலும் இந்த வைத்தியமும் இல்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் போர் புரிந்து, பென்ஷன் இல்லாமல் அனுப்பப்பட்டவர்களுக்கு இந்தத் திட்டத்தின் கதவு 2019-ஆம் வருஷம் மார்ச்சில்தான் திறந்தது. யுத்தம் முடிந்தது 1945-இல். அன்று 18 வயதுப் பையனாக இருந்தவருக்குக் கதவு திறந்தபோது வயது 92. அந்த வயதில் எந்தப் பல்லைக் கொண்டுபோய் எந்த டாக்டரிடம் காட்டுவது? பகோடா வந்து சேர்ந்தபோது பல் இல்லை என்ற கதைதான்.

சரி, மாமாவிடம் அட்டை இருக்கிறது. செல்லாத அட்டையல்ல, உயர்ந்த அட்டை. அப்படியானால் ஏன் இத்தனை வருஷம் பல் கட்டிக்கொள்ளவில்லை என்று நானும் அவரைக் கோபித்துக்கொண்டதுண்டு. மாதம் தவறாமல் மிலிடரி கான்டீனுக்கு மட்டும் மதுரைக்குப் போகத் தெரிகிறதே என்று என் அத்தையும் கூடச் சேர்ந்துகொண்டாள். அவர் ஒரு கட்டுப் பீடியை மடியில் செருகிக்கொண்டு, "கான்டீனுக்கு ஒரு நடை. பல்லுக்கு எம்புட்டு நடைன்னு நீ அந்த டாக்டரைக் கேளு மாப்ளே" என்றார்.

கேட்டேன். அவரை நானே அழைத்துக்கொண்டு போய், கேட்டுத் தெரிந்துகொண்டேன். முழுப் பல்செட் என்பது கடையில் செருப்பு வாங்குவது போன்ற காரியம் அல்ல. முதல் நாள் ஈறின் அச்சு எடுக்கிறார்கள். அதை வைத்து அந்த வாய்க்கென்றே ஒரு தட்டுச் செய்து, இரண்டாம் நடையில் அந்தத் தட்டினால் நுட்பமான அச்சு எடுக்கிறார்கள். மூன்றாம் நடையில் மெழுகுக் கட்டையைக் கடிக்கச் சொல்லி, மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் உள்ள உறவை அளக்கிறார்கள். இதில் ஒரு நூல் பிசகினால் பிற்காலத்தில் மென்றாலும் வலிக்கும், பேசினாலும் கடகடக்கும். நான்காம் நடையில் மெழுகிலே பல்லைப் பதித்து வாயில் வைத்து, பேசச் சொல்லிப் பார்க்கிறார்கள். ஐந்தாம் நடையில்தான் செட் கைக்கு வருகிறது. அதோடும் முடியவில்லை. புதுச் செட் எங்காவது ஈறைக் கிழிக்கும். அதை ராவிக் கொடுக்க இன்னும் இரண்டொரு நடை. மாமாவின் கீழ்ப்பற்கள் மூன்றையும் பிடுங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்; பிடுங்கிய இடம் ஆறும் வரை சில வாரம் காத்திருக்க வேண்டும். ஆக, ஒரு வாய்க்குப் பல் கட்ட எட்டு நடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நடை என்றால் என்ன? கிராமத்திலிருந்து உசிலம்பட்டிக்கு ஒரு பஸ். அங்கிருந்து செக்கானூரணி வழியாக ஆரப்பாளையத்துக்கு சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து இன்னொரு பஸ், அல்லது ஆட்டோ. முன்னெல்லாம் போடி ரயில் இருந்தது. அகலப்பாதை போடுகிறோம் என்று நிறுத்தினார்கள், சுமார் பதினோரு வருஷம் கழித்து 2022-இல்தான் மறுபடி மதுரைக்கும் தேனிக்கும் ஓடத் தொடங்கியது. ரயில் வந்தது பாக்கியம்தான். ஆனால் டாக்டர் பார்க்கும் நேரமும் ரயில் நேரமும் ஒத்துப் போக வேண்டுமே! வயதானவரைத் தனியே அனுப்ப முடியாது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வீட்டில் ஆடுகள் இருக்கின்றன. பார்க்க ஆள் வேண்டும். மாமாவுக்கு நேரே நின்று நியாயம் பேசினால், "பனியிலே ராத்திரி பூரா நின்னுருக்கேன், அது பெரிசில்லை மாப்ளே, ஆரப்பாளையத்துலே வெயில்லே அடுத்த பஸ்ஸுக்கு நிக்கிறதுதான் பெரிசு" என்கிறார். அட்டை கொடுக்கும் உரிமை ஒன்று. எட்டு நடை அந்த உரிமையை எட்டாகப் பங்கு போட்டுவிடுகிறது. மூன்றாம் நடையோடு விட்டுவிட்டவர்கள் எங்கள் ஊரிலேயே இரண்டு பேர். அவர்களுடைய மெழுகு அச்சு எங்கோ ஓர் அலமாரியில் இருக்கும்.

முதல் நடையிலேயே இன்னொரு விஷயமும் வெளிப்பட்டது. டாக்டர் அம்மாள் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்து, புகையிலை அடக்கும் பக்கத்துக் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு படலம் இருப்பதைக் கண்டாள். இது புற்றாக மாறக்கூடிய வகை. புகையிலையை இன்றே விடுங்கள், பீடியையும் விடுங்கள், மறுபடி காட்டுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னாள். வலியில்லாத படலம். யாரும் வாயைத் திறந்து பார்க்காமல் இருந்திருந்தால் அவருக்கே தெரிந்திராது. பல் வைத்தியம் அலங்காரத்துக்கு என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு மாற்று என்ன என்று கேட்டால், உடனே "காம்ப் நடத்துகிறோமே!" என்று சொல்லுவார்கள். காம்ப் நான் பார்த்திருக்கிறேன். காலையில் பந்தல், மாலையில் போட்டோ. வரிசையாக உட்காரவைத்து ஆடுகிற பல்லைப் பிடுங்கி, ஒரு பிரஷும் பற்பசையும் கொடுத்து அனுப்புகிறார்கள். பிடுங்குவதற்கு ஒரு நாள் போதும், கட்டுவதற்குப் போதாது. ஆகையால் ஒரு நாள் காம்பினால் கிராமத்தில் பல் குறைகிறதே தவிர, கூடுகிறதில்லை. காம்ப் நடத்தும் நல்ல மனிதர்கள் என்மேல் வருத்தப்பட வேண்டாம். ஒரே ஊருக்கு ஒரே கிழமையில் எட்டு வாரம் தொடர்ந்து வாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அது அப்படியொன்றும் ஆகாத காரியமும் அல்ல. பல்செட் வேலையில் டாக்டர் வாய்க்குள் கை வைக்கும் நேரம் கொஞ்சம். மற்றதெல்லாம் லேபில் நடக்கும் வேலை. அச்சை உசிலம்பட்டியில் எடுத்து மதுரை லேபுக்கு அனுப்பினால், பஸ்ஸில் பிரயாணம் செய்வது அச்சுத்தான். 70 வயதுக் கிழவர் அல்ல. நாட்டில் பல் வைத்தியக் கல்லூரிகள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. மதுரையிலேயும் உண்டு. அவற்றில் பொதுஜன பல் சுகாதாரத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. நாற்காலி பொருத்திய வண்டியை வெளியூர்களுக்கு அனுப்பும் கல்லூரிகளும் உண்டு. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பல் பிரிவைப் பலப்படுத்த 2014-இல் தொடங்கிய தேசிய வாய்நலத் திட்டம் இருக்கிறது. முன்னாள் வீரர் திட்டத்திலேயே தூரப் பிரதேசங்களுக்கு நடமாடும் கிளினிக் என்ற ஏற்பாட்டுக்கு இடமிருக்கிறது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. யார் எந்த ஊரில் இருக்கிறார் என்ற விலாசம் அங்கே இருக்கும். எல்லாம் தனித்தனியே இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள், உசிலம்பட்டியில் ஒரு நாற்காலியைச் சுற்றி இவை கூட வேண்டும். அவ்வளவே. அந்த நாற்காலியில் பென்ஷன் இல்லாத சிப்பாயையும் உட்கார வைத்தால் யாருடைய சொத்தும் கரைந்துவிடாது.

இந்த அபிப்பிராயத்தை எழுதி ஒரு விண்ணப்பம் தயார் செய்தேன். பள்ளிக்கூட லீவு நாட்களில் ஹவில்தார் மாமாவே என்னோடு ஊர் ஊராக வந்தார். பிள்ளைகள் முன்னால் வாய் திறக்க மறுத்தவர், பழைய சகாக்களைக் கண்டதும் பொக்கை வாயோடு கடகடவென்று பேசினார். கையெழுத்துப் போட்டவர்களின் பெயருக்கு எதிரே, வாயில் மிச்சமிருக்கும் பல்லின் எண்ணிக்கையையும் எழுத வேண்டும் என்பது அவருடைய யோசனை. சேரும்போது எண்ணினார்களே, இப்போதும் எண்ணட்டும் என்றார். நல்ல யோசனை என்று நானும் ஒரு பத்தி சேர்த்துக் கோடு போட்டேன். எல்லோரும் வாயை ஆவென்று திறந்து காட்ட, மாமா விரல் விட்டு எண்ண, நான் எழுதிக்கொண்டே போனேன். 9, 14, 4, பூஜ்யம், 11.

கடைசியாகப் போன வீட்டில் சிப்பாய் இல்லை. காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அவர் மனைவிதான் குடும்பப் பென்ஷன் வாங்குகிறாள். எழுபது வயதிருக்கும். நாங்கள் வந்த விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்த நாக்காலி ஆம்பளைகளுக்கு மட்டுந்தானா தம்பி?" என்றாள். திட்டத்தில் அவளுக்கும் உரிமை உண்டு என்று சொன்னேன். வாயைத் திறந்து காட்டினாள்; மாமா கௌரவமாகச் சற்றுத் தள்ளி நின்றே எண்ணினார். ஆறு. நான் பழக்கத்தில் மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ரேகையா? அதெல்லாம் எங்க தாத்தனோட போச்சு. பேனாவைக் குடு" என்று சொல்லி, காகிதத்தைத் திண்ணைத் தூணில் வைத்து அழுத்திக்கொண்டு, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள்.